மூன்றும் சேர்த்து இரண்டுக்குக் கீழே

எனக்குப் பொறுமை கிடையாது. பால் சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பைக் கூட்டி வைப்பேன்; பொங்கி வழிந்ததும் பாலைத் திட்டுவேன். இப்படிப்பட்டவளுக்குப் போய், மைசூரில் ஓர் இயற்பியல் துறையின் ஒளி ஆய்வுக்கூடத்தில் வேலை அமைந்தது. ஒளியை அளக்கும் டிடெக்டர்களைச் செய்வதும், அவை மக்கர் பண்ணினால் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. படித்தது எலெக்ட்ரானிக்ஸ். குவாண்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். இன்றைக்கு அதைப் பற்றி நானாக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்கு ஒருத்திதான் காரணம்.

அவள் எல்லையோரத்தில், கன்னடப் பக்கம் இருக்கிற ராமாபுரத்துக்காரி. எங்கள் கூடத்துக்கு முனைவர் பட்ட ஆய்வு செய்ய வந்தவள், என்னைவிடச் சிறியவள். வீட்டில் மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், ஆய்வுக்கு இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் நிதானமாகவே பேசுவாள். நான் மைசூரிலேயே பிறந்தவள். அப்பா தர்மபுரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். என் தமிழில் பாதி கன்னடம் என்று அவள் சிரிப்பாள். அவள் தமிழில் மரியாதை தாங்க முடியவில்லை என்று நான் சிரிப்பேன். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டுமென்றால்கூட, "அக்கா, அதச் செத்த எடுத்துக் குடுங்க்கா" என்பாள். நானாக இருந்தால் எட்டிப் பறித்திருப்பேன்.

வந்த புதிதில் ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டு விளக்கையெல்லாம் அணைத்தாள்.

"கண்ணு பழகட்டுங்க்கா. அவசரப்படாம நில்லுங்க."

நான் இருட்டில் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். பிறகு லேசரின் பலத்தைக் கூட்டி, ஒரு வெள்ளை அட்டையை நீட்டினாள். அட்டையில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. மாதுளை முத்தின் நிறம்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது. சிவப்புப் புள்ளி. அதுக்கென்ன இப்போ?"

"இதுக்கு ஒரு ஜோடி இருக்குதுங்க்கா. ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுங்க. அது நம்ம கண்ணுக்குத்தான் எட்டாது."

பக்கத்தில் இன்னொரு அட்டை இருந்தது. என் கண்ணுக்கு அது வெறும் அட்டை. அவள் தன் போன் கேமராவை அதற்கு நேராகப் பிடித்தாள். திரையில் வெளிறிய ஊதாவாக ஒரு புள்ளி தெரிந்தது. லேசரின் ஒளி ஒரு சிறிய படிகத்துக்குள் புகுந்து இந்த இரண்டு கற்றைகளாக வெளியே வருகிறது என்றாள். ஒன்று சிவப்பு. மற்றது சிவப்புக்கும் அப்பால். சரி, இரட்டைப் பிள்ளைகள், அதனால் என்ன என்று நான் கேட்டேன். அவள் விளக்கம் சொல்லவில்லை. என்னுடைய டிடெக்டர்களிலேயே பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. லேசர் விட்டு விட்டுத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் வரும் ஒளியின் அளவு தாறுமாறாக மாறிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டு டிடெக்டர்களும் சேர்ந்தே மாறின. இது கூடினால் அதுவும் கூடியது, இது குறைந்தால் அதுவும் குறைந்தது. எங்கோ வயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். இரண்டையும் பிரித்தேன், வேறு வேறு மின்சாரத்தில் போட்டேன், நடுவில் தகடு வைத்து மறைத்தேன். எல்லாம் செய்த பிறகும் அவை சேர்ந்தே மாறின. அவள் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

இதில் என்ன அதிசயம் என்பதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். மழையில் ஒரே அளவான இரண்டு தகரக் கூரைகள் அருகருகே இருந்தால், ஒரு நொடியில் இதில் விழும் துளிகளும் அதில் விழும் துளிகளும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் முன்பின் இருந்தே தீரும். சாதாரண ஒளியும் அப்படித்தான் துளித்துளியாக விழுகிறது. அந்தத் துளிக்குத்தான் ஃபோட்டான் என்று பெயர். இரண்டு கற்றைகளுக்கு இடையில் இருக்கும் அந்த முன்பின்னை நாங்கள் இரைச்சல் என்போம். எவ்வளவு நல்ல விளக்கை வாங்கினாலும் அது போகாது. இவளுடைய படிகத்திலிருந்து வரும் ஜோடியில் அது போய்விடுகிறது. ஒரு துடிப்பில் லட்சம் துளிகள் இருந்தாலும் இதில் எத்தனையோ அதிலும் அத்தனை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு அதே நினைப்பாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.

எண்ணிக்கை ஒத்துப்போவது மட்டும் அவள் காட்ட வந்த குவாண்டம் பிணைப்பு ஆகிவிடாது. ஒரு கேள்விக்கு இரண்டு பிள்ளைகள் ஒரே பதில் சொன்னால், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். அதனால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒளிக்கு அதிரும் திசை என்று ஒன்று உண்டு. நிமிர்ந்தா படுத்தா என்பது முதல் கேள்வி. இந்தப் பக்கச் சாய்வா அந்தப் பக்கச் சாய்வா என்பது இரண்டாவது. வலம் சுற்றியா இடம் சுற்றியா என்பது மூன்றாவது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இரைச்சல் எண் கிடைக்கும். சாதாரண ஒளியில் ஒவ்வொன்றும் ஒன்று, ஆக மொத்தம் மூன்று. எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசி வைத்துக்கொண்டு வந்த கற்றைகளாக இருந்தாலும் மொத்தம் இரண்டுக்குக் கீழே போக முடியாது. போனால், அந்த இரண்டையும் தனித்தனிப் பொருள் என்று சொல்லவே முடியாது. அதுதான் பிணைப்பு. ஒற்றை ஜோடி ஃபோட்டானில் இதைக் காட்டுவதை உலகத்தில் பல இடங்களில் செய்கிறார்கள். பெருங்கூட்டமாக, அட்டையில் புள்ளியாக விழுகிற ஒளியில் காட்டுவதுதான் கஷ்டம். வழியில் ஒரு தூசியில் பட்டுக் கொஞ்சம் ஒளி தொலைந்தாலும் இதற்கும் அதற்கும் கணக்கு உதைக்கும்.

ராமாபுரத்துக்காரிக்கு முதல் இரண்டு எண்களும் அழகாக ஒன்றுக்கு வெகு கீழே வந்தன. மூன்றாவது முரண்டு பிடித்தது. மொத்தம் இரண்டைத் தாண்டியே நின்றது. ஒளி இரண்டு பாதைகளில் போய் மறுபடி சேர வேண்டும். இரண்டு பாதைகளின் நீளமும் தலைமுடிப் பருமனில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகக்கூடாது. பக்கத்து மனையில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. லாரி வந்தாலும் கான்கிரீட் மிக்சர் ஓடினாலும் எங்கள் மூன்றாவது எண் எகிறும். வேலை செய்தவர்கள் எல்லாரும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர்கள். நான் போய்ப் பேசினேன். "சாப்பாட்டு நேரத்துல வேணா நிறுத்தறோம்மா. அதுக்கு மேல மேஸ்திரி விடமாட்டாரு" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இதற்கு நடுவில் லேசர் வேறு எங்களுடையது அல்ல. வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்று இரவலாகக் கொடுத்தது. விஜயதசமி அன்று காலையில் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும் என்று முடிவாகிவிட்டது. பண்டிகை விடுமுறையில்தான் அவர்களுக்கு வண்டி சும்மா இருந்ததாம். அதற்குள் மூன்றும் சேர்ந்து இரண்டுக்குக் கீழே வந்தால், அவள் தன் ஆய்வேட்டில் பிணைப்பு என்ற சொல்லை எழுதலாம். வராவிட்டால் எழுத முடியாது. கிட்டத்தட்ட வந்தது என்று எழுதுவதற்கு இந்தத் தொழிலில் இடமில்லை. அவளுடைய உதவித்தொகையும் அந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த லேசர் எங்கிருந்து எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஆயுத பூஜை அன்று பக்கத்துக் கட்டடத்தில் வேலை நடக்காது. எங்கள் கட்டடத்திலும் லிஃப்ட், பட்டறை, கம்ப்ரஸர் எதுவும் ஓடாது. மைசூரில் தசராவுக்கு ஊரே சத்தம், எங்கள் மூலை மட்டும் அமைதி. அன்று முழுக்க அளந்து தள்ளிவிடலாம். முந்தைய நாள் இதைச் சொல்லலாம் என்று உற்சாகமாக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன்.

நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மாதக்கணக்கில் இம்மி இம்மியாகச் சரிசெய்து வைத்திருந்த கண்ணாடிகளில் ஒரு பாதை முழுவதையும் கழற்றி, மெல்லிய தாள்மேல் வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, மருந்து தொட்ட தாளால் ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், உனக்குத் தலை கெட்டுப் போச்சா? நாளான்னிக்கு வண்டி வருது. சும்னே இருந்தத எவளாவது கழட்டுவாளா?"

கோபம் வந்தால் என் 'சும்மா' கன்னடத்துச் 'சும்னே' ஆகிவிடும். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நாளைக்குப் பூசைங்க்கா. அழுக்கோட எப்புடிங்க வெக்கறது? எங்கூட்டுல கொத்து, மம்பட்டியக்கூடக் கழுவாம வெக்க மாட்டோம்."

"இது மம்பட்டியாடி? மம்பட்டிய மறுபடி மாட்டணும்னா உங்கப்பாவுக்கு ஒரு வாரம் ஆகுமா?"

நான் கத்தியது வராந்தாவில் கேட்டிருக்கும். முட்டாள் என்றேன், பட்டிக்காடு என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசிக் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, "மாட்டிப்புடறனுங்க்கா" என்றாள். அவ்வளவுதான். அவளுக்குப் பயமே இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் எப்படிக் கோட்டைவிடப் போகிறாள் என்று பார்ப்பதற்காகவே உட்கார்ந்தேன்.

பார்த்தது வேறு. ஒரு கண்ணாடியின் திருகாணியைச் சற்றே திருப்பி ஒளியை வேண்டுமென்றே விலக்குவாள். அடுத்த கண்ணாடியால் அதைத் திரும்பப் பிடிப்பாள். விலக்குவதும் பிடிப்பதுமாக ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போவாள். பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் காரியம் கெட்டுப்போவதுபோல் இருக்கும். கெடுத்துச் சரிசெய்வதுதான் அந்த வேலையின் முறை. எனக்கு அந்த முறை தெரியும். ஆனால் நான் செய்தால் மூன்றாவது தடவையில் திருகாணியை உடைக்கப் பார்ப்பேன். அவள் விரல்களில் அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. மூச்சுக்கூட ஒரு பக்கமாகத் திரும்பித்தான் விட்டாள். சாமுண்டி மலையில் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு டிடெக்டரில் ஒளி வந்து விழுந்தது. முன்பு விழுந்ததைவிடக் கூடுதலாகவே விழுந்தது. நான் சொன்ன வார்த்தைகளையெல்லாம் அப்படியே விழுங்கிக்கொண்டு, "சரி, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"விடிகாலம் வந்துருங்க்கா. பூசைக்கு முன்னால அளந்து முடிச்சுப்புடணும்."

"பூஜைக்கு அப்புறம் நாள் பூரா இருக்கே?"

"பூச போட்டப்பறம் தொடக்கூடாதுங்களே."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் காலைவரை எடுக்கக்கூடாது. அவள் வீட்டில் டிராக்டரைக் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்தினால், மழையே வந்தாலும் அன்றைக்கு அதைத் தொடமாட்டார்களாம். எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. அப்பா மட்டக்கோலையும் கரண்டியையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அன்று முழுக்கச் சீட்டாடுவார். ஆனால் அவர் வேலையில் அடுத்த நாள் யாரும் சுவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடமாட்டார்கள்.

ஆயுத பூஜை அன்று விடிந்தும் விடியாமல் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து மனையில் கான்கிரீட் மிக்சருக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். சத்தமே இல்லை. அப்படி ஓர் அமைதியில் அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. அவள் எனக்கு முன்பே வந்து லேசரைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடிகளைக் கழற்றி மாட்டியதால் மூன்று கேள்விகளையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் துடிப்பு துடிப்பாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், நேரம் பிடிக்கும். கணினி எல்லாவற்றையும் அப்படியே சேமித்து வைக்கும். எண் என்ன என்பது பிறகு கணக்குப் போட்டால்தான் தெரியும்.

முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவது கேள்வி பாதியில் இருக்கும்போது கீழே மணிச் சத்தம் கேட்டது. எங்கள் துறைத் தலைவர், நாங்கள் எல்லாரும் சார் என்று கூப்பிடுகிற கன்னடக்காரர், பூஜைத் தட்டோடு கிளம்பிவிட்டார். தரைத்தளத்தில் பட்டறையில் ஆரம்பித்து, அறை அறையாக ஒவ்வொரு கருவிக்கும் பொட்டு வைத்து ஆரத்தி காட்டிக்கொண்டு வருவார். பின்னாலேயே ஆசிரியர்கள், மாணவர்கள், அட்டெண்டர்கள் என்று ஒரு கூட்டம் வரும். எங்கள் அறை மாடியில் கடைசி.

மூன்றாவது கேள்வியை ஆரம்பித்தபோது மணி மாடிப்படியில் ஏறியது.

"தட்டு வந்துருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"நிறுத்திப்புடுவனுங்க்கா."

"அரைகுறையா இருந்தாலும்?"

"இருந்தாலும்."

மணி பக்கத்து அறைக்கு வந்தது. கூட்டத்தின் காலடியில் தரை அதிர்வது திரையிலேயே தெரிந்தது; கோடு நடுங்க ஆரம்பித்தது. எனக்குத் தாங்கவில்லை. கதவைத் திறந்து வராந்தாவுக்கு ஓடினேன். சார் தட்டில் கற்பூரம் எரிய வந்துகொண்டிருந்தார். நான் எதுவும் பேசாமல் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் கதவிடுக்கில் தெரிந்த லேசரைப் பார்த்தார். மணியடித்துக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். திரும்பி, கூட்டத்தைப் பார்த்துக் கன்னடத்தில் மெல்ல, "தடீரி" என்றார். பொறுங்கள் என்று அர்த்தம்.

எல்லாரும் நின்றார்கள். நான் சொல்ல வேண்டியதே இல்லை. நடந்தால் தரை அதிரும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். பட்டுப்புடவை கட்டி வந்த ஆசிரியைகள் நின்றார்கள். பொரி மூட்டையைத் தோளில் வைத்திருந்த அட்டெண்டர் அதைக் கீழே இறக்காமலே நின்றார். உடைப்பதற்கு வைத்திருந்த பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். சார் கையிலிருந்த கற்பூரம் எரிந்து தீர்ந்தது. சத்தமில்லாமல் இன்னொரு கட்டியை எடுத்து வைத்தார். அதுவும் தீரும்வரை ஒருவரும் கால் மாற்றவில்லை. யாருக்கும் தெரியாத ஓர் எண்ணுக்காக, கண்ணுக்குப் பாதி மட்டும் தெரிகிற ஒளிக்காக, ஒரு வராந்தா நிறைய மனிதர்கள் மூச்சடக்கி நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் அவர்கள் எல்லாரையும் எனக்குப் பிடித்துப்போனது, என் சம்பள உயர்வுக் கடிதத்தைக் கிடப்பில் போட்ட ஆபீஸ்காரர் உட்பட.

உள்ளே லேசரின் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் திறந்தாள். சார் கன்னடத்தில், "ஆய்தா?" என்றார், முடிந்ததா என்று.

"ஆய்து சார்" என்றாள்.

கற்பூரப் புகை கண்ணாடிகளில் படியக்கூடாது என்பதால் ஆரத்தியை வாசலோடு காட்டினார்கள். அவளே சந்தனக் கிண்ணத்தை வாங்கி, லேசரின் வெளிமூடி ஓரத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். என் டிடெக்டர் பெட்டிகளுக்கு வைத்தாள். பிறகு கணினிக்கும் ஒரு பொட்டு வைத்து, அதை அணைத்தாள்.

கணினியை அணைத்தாள் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. கூட்டம் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு, "சரி, போடு கணக்க" என்றேன்.

"நாளைக்குங்க்கா. அதும் பூசையில இருக்குதுங்களே."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. இப்போதே கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண் சரியில்லை என்றால் மறுபடி அளக்க மதியம் முழுக்க இருக்கிறது, பக்கத்தில் சத்தம் இல்லை, லேசர் இங்கேயே இருக்கிறது, நாளைக் காலையில் லேசர் போன பிறகு எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம் என்று அடுக்கினேன். சாமிக்குக் கணினி தெரியாது என்றேன். வேண்டுமானால் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல் என்றேன்.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, சாமிக்குன்னு மட்டும் சொல்லல. இப்பப் போட்டுப் பாக்கறோம், ரெண்டுக்கு மேல வருது. மறுக்கா அளப்போம். அதும் மேல வந்தா இன்னொருக்கா அளப்போம். ஒருக்காக் கீழ வந்த உடனே நிறுத்திப்புட்டு, பாத்தீங்களா வந்துருச்சுன்னு எழுதுவோம். அது அளக்கறதுங்களா? நமக்கு வேணுங்கறது வர்ற வரைக்கும் கேட்டுட்டே இருக்கறதுங்க. எத்தன துடிப்பு எடுக்கறதுன்னு நேத்தே முடிவு பண்ணியாச்சு. எடுத்தாச்சு. என்ற வேல முடிஞ்சுதுங்க்கா."

அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எல்லா ஆய்வுக்கூடத்திலும் அதைப் பாடமாகச் சொல்வார்கள். வேண்டிய எண் கிடைப்பதற்காகத் திரும்பத் திரும்ப அளக்காதே என்று எல்லாரும் சொல்வார்கள், கடைசி நாள் வந்தால் எல்லாரும் அளப்பார்கள். தன் படிப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போது, பொத்தானைத் தொடாமல் பொரி தின்றுகொண்டு ஹாஸ்டலுக்குப் போன ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அவளுக்கு ஆசை என்பதே கிடையாதோ என்று தோன்றியது. கல்லால் செய்தவள், கோயிலில் கொண்டுபோய் வைக்கலாம் என்று வீட்டில் சொல்லிப் புலம்பினேன்.

விஜயதசமி அன்று காலையில் வண்டி வந்தது. மதியம் யானை ஊர்வலத்துக்காக ரோடை அடைத்துவிடுவார்கள் என்று ஓட்டுநருக்கு ஒரே பதற்றம். அவளும் நானும் அட்டெண்டர்களும் சேர்ந்து லேசரைப் பெட்டியில் இறக்கி, சுற்றிலும் பஞ்சு வைத்து அடைத்து, மெதுவாக ஏற்றினோம். வண்டி வாசலைத் தாண்டித் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி எண் எதுவாக இருந்தாலும் அதுதான்.

மேலே வந்தோம். மேஜைமேல் லேசர் இருந்த இடம் நீளமாகக் காலியாகக் கிடந்தது. அவள் கை கழுவிவிட்டு வந்து கணினியைப் போட்டாள். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி அன்று எடுத்து ரெண்டு வரியாவது படிக்க வேண்டும் என்பார்கள். அவள் எடுத்த புத்தகம் இது. நான் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. நான் பொறுத்துப் பார்த்தேன்.

"என்னாச்சு? வாயத் திறந்து சொல்லேன்."

"நீங்களே வந்து பாருங்க்கா."

திரும்பிப் பார்த்தேன். திரையில் இருந்த எண் ஒன்று என்ற இலக்கத்தில் தொடங்கியது. புள்ளிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை அப்புறம்தான் படித்தேன். பிழை வரம்பைக் கூட்டிப் பார்த்தாலும் இரண்டைத் தொடவில்லை. பக்கத்துக் கட்டடம் ஓய்ந்திருந்ததால் வந்ததா, அவள் துடைத்த கண்ணாடிகளால் வந்ததா, வராந்தாவில் நின்றவர்களால் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மாதுளைச் சிவப்பும் அதன் கண்ணுக்குத் தெரியாத ஜோடியும், அத்தனை லட்சம் துளிகளோடும், ஒரே பொருளாக எங்கள் மேஜைமேல் இருந்திருக்கின்றன. இப்படிக்கூட இந்த உலகம் இருக்குமா என்று எனக்கு வியப்பு தாங்கவில்லை.

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அப்போதுதான் அவள் உடம்பு முழுக்க நடுங்குவது தெரிந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"நேத்து ராத்திரி பூராத் தூங்கலீங்க்கா" என்றாள். "ஓடியாந்து போட்டுப் பாத்தரலாம்னு செருப்ப மாட்டறதும் கழட்டறதுமாவே இருந்தனுங்க. கடேசியில, செருப்பக் கொண்டுபோயி பக்கத்து ரூம் புள்ளகிட்டக் குடுத்துட்டேன். காலையில வரைக்கும் நான் கேட்டாலும் குடுத்துராதன்னு."

முந்தைய நாள் முழுவதும் நான் கல் என்று திட்டிக்கொண்டிருந்தவள் இவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய் டம்ளரை வைத்துவிட்டு, "ஏனுங்க்கா, கீழதானுங்களே வந்துருக்குது?" என்று என்னைத் தேற்ற ஆரம்பித்தாள்.